கிளட்ச் அறிந்த கால்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் கியர் காடி

மலேசியத் தமிழரின் பேச்சுவழக்கில் மோட்டார் காருக்குப் பெயர் 'காடி'. தமிழகத்தில் புளித்த கஞ்சியையும் ஈழத்துச் சமையலறைகளில் வினாகிரியையும் குறிக்கும் இச்சொல் மலேசியாவில் வண்டிக்கு வழங்குவது, இந்துஸ்தானியில் வண்டியைச் சுட்டும் சொல்லோடு அதற்குள்ள உறவினால்தான். காலனிக்கால மலாயாவில் வாடகைக் குதிரைவண்டியை ஆங்கிலேயர் 'கேரி' என்று அழைத்ததும் அதே வேரிலிருந்துதான். தமிழகத்தில் மூன்று சக்கர வாடகை வண்டியைக் குறிக்கும் 'ஆட்டோ'வும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பொருள் மாறி, தானாகவே கியர் மாறும் காரைக் குறிக்கிறது. ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் கார் 'மேனுவல்' அல்லது 'கியர் காடி' எனப்படுகிறது. புதிதாக உரிமம் பெற்ற ஒருவர் முதலில் எந்தக் காடியை வாங்குவது என்ற கேள்வி, விலைப்பட்டியலைப் பார்த்தே விடை கண்டுவிடக் கூடியதாக இன்று தோன்றலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழரில் மிகப் பெரும்பாலோருக்கோ அக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு வருவதற்கே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. கிளட்ச் அவர்களுக்கு முன்பே பழகியிருந்தது. காடிதான் பிறருடையதாக இருந்தது.

ரயில்பாதை கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்தது 1886இல். அப்பாதையை அமைப்பதிலும், பின்னர் பொதுப்பணித் துறையின் கீழ்ச் சாலைகளுக்குக் கல்லுடைத்துப் பரப்புவதிலும் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் ஈடுபட்டனர். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே பணிமனைகளும் குடியிருப்புகளும் எழுந்தபோது, தென்னிந்தியத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்கே குடியேறினர். 1910இல் ரப்பரின் விலை உச்சத்தைத் தொட்டு, தோட்டத் துரைமார் மோட்டார் கார்களை வரவழைக்கத் தொடங்கியதும் அவற்றை ஓட்டவும் துடைக்கவும் ஆள் தேவைப்பட்டது. குதிரைக்காரனைக் குறித்த 'சைஸ்' என்ற சொல், குதிரை போய்க் கார் வந்த பிறகும் நீங்காமல், மலாயாவில் கார் ஓட்டுநருக்கும் பெயராயிற்று. மலாய்க்காரரும் பாவியான் தீவிலிருந்து வந்தோரும் செய்த இத்தொழிலில் தமிழரும் இருந்தனர். கடிவாளம் பிடித்த கை கியர்த் தண்டைப் பிடித்தது. சம்பளப் பதிவேட்டில் சொல் மாறவில்லை.

அக்காலத்து கியர் இன்றைய கியரைவிடக் கடினமானது என்பதை இங்கே விளக்கிக்கொள்வது நல்லது. இஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேகங்களுக்குள்தான் பயனுள்ள விசையைத் தரும் என்பதால், நின்ற வண்டியை நகர்த்தவும் ஓடும் வண்டியை விரைவாக்கவும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் தேவைப்படுகின்றன. இவற்றின் தொகுதியே கியர்ப்பெட்டி. இஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தின் மீது ஓர் உராய்வுத் தட்டை அழுத்தியும் விலக்கியும் விசையைச் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் வேலை. பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசையச் செய்யும் 'சிங்க்ரோமெஷ்' என்னும் அமைப்பை அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் 1928இல் புகுத்தியது. அதற்கு முந்தைய கார்களில் ஓட்டுநர் கியர் இறக்கும்போது கிளட்ச்சை ஒருமுறை மிதித்து நடுநிலைக்கு வந்து, இஞ்சினைச் சற்றே முடுக்கி, மறுபடியும் மிதித்துத்தான் அடுத்த கியரைப் போட வேண்டும். தவறினால் பல்லும் பல்லும் உரசும் ஓசை தெருமுழுக்கக் கேட்கும். 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரில்கூட முதல் கியருக்கு இந்த வசதி இல்லை. இத்தகைய இயந்திரத்தைச் செவியாலும் பாதத்தாலும் பழக்கியவர்களின் தேர்ச்சி எழுத்தரின் எழுத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் சமூக மதிப்பில் அது வெகுகாலம் வேலைக்காரனின் கைப்பழக்கமாகவே எண்ணப்பட்டது.

சொந்த வண்டி என்பது தோட்டப்புறத் தமிழருக்கு எத்தனை எட்டாத ஒன்றாக இருந்தது என்பதைக் காட்டக் காரைத் தேடிப் போக வேண்டியதில்லை, சைக்கிளே போதும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு மற்றொன்றும் இருந்தது: துரையோ தோட்ட அலுவலரோ எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் உயிர்களும் போயின. இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு மனிதரைக் கடந்து போவதே உரிமைப் பிரச்சினையாக இருந்த மண்ணில், காடி வாங்குதல் பின்னாளில் ஏன் ஒரு குடும்பத்தின் பெருநாளாகக் கொண்டாடப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கோரிக்கை போதுமானது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் காடியின் உரிமை முதலில் படித்த நடுத்தர வர்க்கத்திடம்தான் சென்றது. பிரிக்ஃபீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் குடியிருந்த அரசு எழுத்தர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் ஆகியோரின் வாசல்களில் மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஃபோக்ஸ்வாகன் போன்றவை நின்றன. வண்டிகளைப் பதிந்து ஓட்டுநரைச் சோதிக்கும் துறை 1946 ஏப்ரல் முதல் நாள் தோற்றுவிக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சாலைப் போக்குவரத்து இலாகா என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் அது மலாய்ச் சுருக்கத்தின்படி 'ஜேபிஜே'.

1967 இரு வகையில் திருப்பமான ஆண்டு. அவ்வாண்டில் ஷா ஆலாமின் சுவீடிஷ் மோட்டார் தொழிற்சாலை வால்வோ கார்களை உள்நாட்டிலேயே பொருத்தத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் பொருத்தும் ஆலைகள் எழுந்தன. அதே ஆண்டில் தவணைக் கொள்முதல் சட்டமும் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் உயிர்நாடி எளியது: கடைசித் தவணை கட்டும்வரை காடி நிதி நிறுவனத்துக்கே சொந்தம், வாங்கியவர் அதை வைத்து ஓட்டும் உரிமை மட்டுமே பெற்றவர். மக்கள் 'கிராண்ட்' என்று அழைக்கும் பதிவுச் சான்றிதழில் அந்த நிறுவனத்தின் உரிமைக்கோரல் பதிந்திருக்கும். அது நீங்கும் நாளில்தான் காடி முழுவதும் தன்னுடையதாயிற்று என்று ஒருவர் மூச்சுவிடுவார். தவணை தவறினால் முன்னறிவிப்புக்குப் பின் வண்டியை இழுத்துச் செல்லலாம் என்றாலும், விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின்றி இழுக்க முடியாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு. இளையவருக்குக் கடன் கிடைக்க ஜாமீன்தாரர் கையெழுத்திடும் வழக்கம் பரவியதால், முதல் காடியைத் தேர்ந்தெடுப்பதில் ஓட்டப்போகிறவருக்கு இருந்த குரல், கையெழுத்துப் போடும் அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்த குரலைவிட எப்போதும் தாழ்ந்தே ஒலித்தது. முதல் காடிகள் பலவும் நிறத்திலும் வடிவிலும் வயதானவரின் விருப்பம் போலவே அமைந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சைக்கிளுக்கும் காருக்கும் இடையில் ஒரு நீண்ட படி இருந்தது. ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட கப் வகை மோட்டார் சைக்கிள், சீனச் சொல்லொன்றின் ஒட்டுடன் மலேசியாவில் 'கப்சாய்' ஆகி, தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்த தொழிலாளியின் வாகனமாயிற்று. அதில் காலால் மாற்றும் கியர் உண்டு, கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. சுழற்சியின் விசையால் கிளட்ச் தானே இயங்கும். ஆகவே கப்சாயிலிருந்து காருக்கு வந்தவர்களுக்கு எந்த வேகத்தில் எந்த கியர் என்ற அறிவு முன்பே இருந்தது, கிளட்ச்சைப் பாதியில் நிறுத்தும் பழக்கம்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. லாரிக்கும் பேருந்துக்கும் போனவர்களுக்கு அதுவும் கைவந்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றும் லாரிகளிலும், 1975 முதல் 1998 வரை கோலாலம்பூர்த் தெருக்களில் விரைந்த இளஞ்சிவப்பு மினிபஸ்களிலும் தினமும் நூற்றுக்கணக்கான முறை கியர் மாற்றியவர்களே, ஞாயிற்றுக்கிழமைகளில் தம் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஆசிரியர்களாயினர். எந்தக் காடியின் கிளட்ச் இலேசானது, எதன் இரண்டாம் கியர் சீக்கிரம் கெடும் என்ற அறிவு விளம்பரத்திலிருந்து அன்றி இவர்களிடமிருந்தே தெருவுக்கு வந்தது என்பது இக்கட்டுரையின் முதன்மையான கருத்து.

இதற்கிடையில் தோட்டங்களே நகரங்களாகிக்கொண்டிருந்தன. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாமாகி 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று; சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. லயங்களைக் காலி செய்த குடும்பங்கள் வேலையிடத்திலிருந்து வெகுதூரத்தில் மலிவுவிலை வீடுகளில் குடியமர்ந்தபோது, அதுவரை நடந்தே வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை தினசரிப் பாதையாகிவிட்டது. காடி ஆடம்பரம் என்ற நிலை மாறி, சம்பளத்துக்குப் போவதற்கான கருவியானது இந்த இடப்பெயர்வினால்தான்.

ரப்பர் போன இடத்தில் கார் முளைத்தது என்று சொல்லலாம். பிரதமர் மகாதீரின் முனைப்பில் 1983 மே மாதம் புரோட்டோன் நிறுவனம் பதிவாகி, ஷா ஆலாமில் கட்டிய ஆலையிலிருந்து 1985 ஜூலை 9 அன்று சாகா அறிமுகமாயிற்று. ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் பியோரேயைத் தழுவிய அக்காருக்கு, தமிழில் ஆனைக்குன்றிமணி என்னும் செவ்விதையின் மலாய்ப் பெயரைச் சூட்டினர். அதே ஆண்டின் இறுதிமுதல் யென்னின் மதிப்பு ஏறத் தொடங்கி ஜப்பானியக் கார்களின் விலையும் உயர, வரிச்சலுகை பெற்ற சாகா இளைஞர்களின் முதல் காடியாகும் வாய்ப்பு தானாகவே அமைந்தது. அதன் உறுப்புகள் எங்கும் கிடைத்தன. தெருமுனைப் 'போமன்', அதாவது ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறிக்கும் 'ஃபோர்மன்' என்ற சொல் மலாயில் திரிந்து பெயரான பட்டறைக்காரர், கையேடு இல்லாமலேயே அதைக் கழற்றிப் பூட்டினார். 1992இல் வந்த இஸ்வாராவும் இதே வழியில் டாக்சிக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றது. டாக்சிக்காரர் ஓட்டும் காடியை வாங்கினால் ஏமாற மாட்டோம் என்பது அக்காலத்தின் உறுதியான எண்ணம்; அதில் நியாயமும் இருந்தது.

எனினும் முதல் கியர் காடியின் வரலாற்றில் நடுநாயகமாக நிற்பது சாகா அன்று, கஞ்சில். 1993இல் நிறுவப்பட்ட பெரோடுவா, ரவாங்குக்கு அருகிலுள்ள சுங்கை சோவில் ஆலை அமைத்து, 1994 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். வலிய விலங்குகளைத் தந்திரத்தால் வெல்லும் சிறு விலங்காக மலாய்க் கதைகளில் அது வரும். டைஹட்சு மீராவின் வழிவந்த இக்காரில் மூன்று சிலிண்டர்களும் 660 சிசி கொள்ளளவும் கொண்ட இஞ்சின் இருந்தது. தீபகற்ப மலேசியாவில் தனியார் காரின் சாலைவரி இஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,000 சிசிக்கு உட்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். இந்தியாவில் 1983இல் வந்த மாருதி 800 தமிழக நடுத்தரக் குடும்பத்துக்கு என்னவாக இருந்ததோ, அதே இடத்தைப் பதினோரு ஆண்டுகள் கழித்துக் கிள்ளானில் கஞ்சில் பிடித்தது. இரண்டுமே அரசின் முனைப்பால் பிறந்தவை, இரண்டுமே ஜப்பானியச் சிறுகாரின் வழிவந்தவை.

புதிய ஓட்டுநருக்கு கஞ்சில் ஏற்றதாக இருந்ததற்குக் காரணம் மலிவு மட்டுமன்று. கிளட்ச் மிதி மெல்லியது; நீண்ட நெரிசலில் கால் மரத்துப்போவதில்லை. காரின் நான்கு மூலைகளும் இருக்கையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் பின்சந்துகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் தீபாவளிக் கூட்டத்திலும் இது சிறிய உதவியன்று. சிறிய இஞ்சினில் விசை குறைவு என்பதால் மேட்டில் ஏறும்போது கியரை உரிய நேரத்தில் இறக்கியே தீர வேண்டும். இவ்வகையில் அக்கார் தன் குறையினாலேயே நல்ல ஆசானாயிற்று. ஓட்டுநர் பயிற்சிக் கழகங்கள் கஞ்சிலை விரும்பி வைத்துக்கொண்டதால், பயின்ற காரையே வாங்குவது என்ற பழக்கமும் எளிதில் ஊன்றியது. பாதுகாப்பில் அது மெலிந்த கார்தான்: தொடக்ககால கஞ்சிலில் காற்றுப்பை கிடையாது, உடல்தகடும் தடித்ததன்று. பின்னிருக்கையில் வார் அணிவது நாட்டில் கட்டாயமானதே 2009 சனவரியில்தான். கஞ்சில் காலத்துப் பெற்றோர் வண்டியின் வலிமையைவிட அதன் வேகக்குறைவையே பாதுகாப்பாகக் கருதினர் என்று தோன்றுகிறது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே அது முழுமையான பாதுகாப்பாக இருக்கவில்லை.

பயிற்சிக் கழகத்தின் மேட்டைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது இங்கே பொருத்தமானது. உரிமத் தேர்வின் ஒரு பகுதியாக, செயற்கையாக எழுப்பிய சரிவில் மஞ்சள் கோடுகளுக்குள் காரை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, பின்வாங்காமல் மீண்டும் கிளம்ப வேண்டும். இடக்கால் கிளட்ச்சை மெல்ல விடுகையில், உராய்வுத் தட்டு சக்கரத்தைத் தொடும் அந்தப் புள்ளியில் இஞ்சினின் ஓசை ஒரு படி தாழ்கிறது, காரின் மூக்கு சற்றே நிமிர்கிறது; அப்போது காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு இடக்கையால் கைபிரேக்கை இறக்கினால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்குப் பெயர் 'ஹாஃப் கிளட்ச்'. ஓசை தாழ்வதைக் கேளாமல் காலை முழுவதும் எடுத்தவரின் இஞ்சின் நின்றுபோகும்; அஞ்சி மறுபடி மிதித்தவரின் கார் பின்னால் உருளும். பழைய கார்களில் இப்புள்ளி மிதியின் எந்த உயரத்தில் வருகிறது என்பதே தட்டின் ஆயுளைச் சொல்லிவிடும்: மிதி ஏறத்தாழ முழுவதும் மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் தட்டு தேய்ந்துவிட்டது.

பழைய கியர் காடியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இந்த அறிவிலிருந்தே வளர்ந்தது. தவணைக்கு வழியில்லாத இளைஞர் செகண்ட் ஹேண்ட் காடியைத் தேடும்போது, அனுபவமுள்ள லாரி ஓட்டுநர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது வழக்கம். அவர் உடலின் மினுமினுப்பைப் பார்ப்பதில்லை. உயர்ந்த கியரில் மெதுவாகப் போகையில் விசையை அழுத்தி, இஞ்சின் மட்டும் அலறி வண்டி வேகம் கூடாதிருந்தால் கிளட்ச் நழுவுகிறது என்பார். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி உரசல் கேட்கிறதா என்று செவி கொடுப்பார். நகரத்தில் அதிகம் உழைப்பது இரண்டாம் கியர் என்பதால் முதலில் தேய்வதும் அதன் ஒத்திசைவு வளையந்தான். பெயர் மாற்றத்துக்கு முன், வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் நிலையத்தில் இஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்ற சோதனையையும் வண்டி கடக்க வேண்டும். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் 'ஹாஃப் கட்' கார்களின் இஞ்சின்கள் பல பட்டறைகளில் புழங்கும் நாட்டில் இது வெற்றுச் சடங்கன்று. ஐந்தாறு வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் அங்கேயே பேசி முடிக்கப்படும். வாங்கும் நாளிலேயே விற்பதைப் பற்றிப் பேசுவது அயலாருக்கு விந்தையாகப் படலாம். முதல் காடி என்பது இரண்டாம் காடிக்கான முன்பணம் என்று கண்டவர்களுக்கு அது விந்தையன்று.

கஞ்சிலின் உற்பத்தி 2009இல் நின்றது. 2005இல் வந்த மைவியும் 2007இல் வந்த விவாவும் அதன் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆனால் அதற்குள் நெடுஞ்சாலையின் நெரிசலே கியருக்கு எதிரியாகிவிட்டது: ஒரு மணி நேரத்தில் சில கிலோமீட்டரே நகரும் சாலையில் இடக்காலுக்கு ஓய்வில்லை. 2014இல் ஆட்டோ காடிகளை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் 'டிஏ' உரிமம் அறிமுகமாயிற்று. இதைப் பெற்றவர் கியர் காடியை ஓட்டக் கூடாது, 'டி' உரிமம் பெற்றவரோ இரண்டையும் ஓட்டலாம். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இத்தகைய பிரிவு முன்பே உண்டு. பெற்றோர் பலர் இன்னும் பிள்ளைகளை 'டி' எடுக்கவே வற்புறுத்துகின்றனர். வேனோ லாரியோ ஓட்டும் வேலை எந்த நாளிலும் கைகொடுக்கும் என்ற பழைய தலைமுறையின் கணக்கு அதில் இருக்கிறது. எனினும் தேர்வில் மட்டும் கியரை ஓட்டி, மறுவாரமே ஆட்டோவை வாங்கி, ஈராண்டுத் தற்காலிக உரிமத்தின் அடையாளமான 'பி' ஒட்டியை அதில் ஒட்டுவோர் தொகை பெருகிவிட்டது.

ஆலைகளும் இதை அறிந்தே நடந்தன. 2021 இறுதியில் புதுப்பிக்கப்பட்ட மைவியில் கியர் வகை கைவிடப்பட்டது. 2023இல் பெரோடுவாவின் மற்றொரு சிறுகாரான அக்சியாவின் புதிய தலைமுறையும் ஆட்டோவாகவே வந்தது. ஆயினும் முந்தைய தலைமுறை அக்சியாவின் ஐந்து கியர் கொண்ட எளிய வகை ஒன்றை அதே ஆண்டில் 22,000 ரிங்கிட்டுக்கு பெரோடுவா மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குறைந்த வருமானக்காரரின் முதல் புதுக் காடி என்ற இடத்தில் கியர் இன்னும் நிற்பது, விருப்பத்தைவிட விலையினால்தான் என்று கொள்வதே சரி.

புதுக் காடியோ பழையதோ, வீட்டுக்கு வருமுன் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்பது இப்பள்ளத்தாக்கில் மாறாத வழக்கம். முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, தேங்காய் உடைத்த பிறகு, நான்கு சக்கரங்களின் அடியிலும் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைக்கப்படும். அவற்றை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னே நகர வேண்டும். ஆட்டோ காடியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே அது நடந்துவிடுகிறது. கியர் காடியில் உறவினர் அனைவரும் பார்த்து நிற்க, இடக்கால் அந்தப் புள்ளியைத் தேட வேண்டும். தவறவிட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும், பழங்கள் சக்கரத்தடியில் முழுதாகவே கிடக்கும், பூசாரி தட்டைக் கையில் ஏந்தியபடி, "கிளட்ச்சை மெதுவா விடு தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருப்பார்.